கூடையில் இறங்காத கறுப்புப் புடவை

வைரவனை அந்தக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் தேடி எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்தார்கள். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது சிதம்பரநாதன் ஜவுளிக்கடை. கீழே வியாபாரம். மாடியில் மூன்று அறைகள். மூன்றிலும் தரையிலிருந்து மச்சுவரை புடவைக் கட்டுகள். கடையின் மச்சில் சதுரமாக ஒரு ஓட்டை போட்டு, மேலே உருளை மாட்டிக் கயிறு விட்டிருந்தார்கள். கயிற்று நுனியில் ஒரு பெரிய பிரம்புக் கூடை. கீழே நிற்கிற விற்பனையாள் வாடிக்கையாளர் கேட்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடையில் போட்டு மணியை இழுப்பார். மேலே வைரவன் கூடையை ஏற்றி, சீட்டைப் படித்து, புடவையைத் தேடி எடுத்து இறக்குவார். காலையிலிருந்து கடை சாத்தும் வரை இதுதான் அவர் வேலை.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழிக்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அறுபத்தெட்டாம் வருஷம், முதலாளி சிதம்பரநாதன் ஊர்ப்பாசத்தில் கூப்பிட, மனைவி தங்கத்தையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பட்டணம் வந்தவர். ராயப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். தினமும் மாடிக்குப் போனதும் நெற்றி நிறைய விபூதி பூசி, சுவரில் இருந்த திருச்செந்தூர் முருகன் படத்துக்கு ஒரு வில்லை கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் முதல் கட்டை அவிழ்ப்பார். ஒவ்வொரு புடவையையும் கூடையில் வைக்கும்போது, "கட்டுதவ நல்லா இருக்கட்டும், முருகா" என்று உதடு அசையும். சத்தம் வராது.

பொய் மட்டும் அவருக்கு வராது. வாசலில் யாராவது வந்து தங்கத்தைத் தேடினால், 'இல்லைன்னு சொல்லுங்க' என்று அவள் உள்ளே இருந்து கையை ஆட்டுவாள். இவர், "உள்ளதான் நின்னு கையை ஆட்டுதா, வாங்க" என்று வந்தவரைத் திண்டாட வைத்துவிடுவார்.

அந்த நேர்மைதான் எழுபத்து நாலாம் வருஷம் அவருக்கு வினையாக வந்தது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. 'பச்சை' என்று ஒரு சொல் வந்தால், மாடியில் இருக்கிற பச்சை அத்தனையும் இறங்கும். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை. நூல் புடவை, பட்டுப் புடவை. கறை பட்டு நெசவாளருக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தது, இன்னொருவர் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனது, எல்லாம். நாற்பத்து மூன்று புடவை, நாலு நடை. அதே ஆள், 'அரக்குப் பட்டு' என்று சீட்டு வந்தால் முதல் அறையில் மட்டும் பார்த்துவிட்டு இரண்டை இறக்குவார். மற்ற அறைகளிலும் பார் என்று சீட்டில் எழுதவில்லையே!

கீழே விற்பனையில் நின்ற கனகராஜ் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், வாய்த்துடுக்கு. ஓட்டைக்குக் கீழே நின்று கழுத்தை நிமிர்த்திக் கத்துவான்.

"இன்னாண்ணே, பச்சைன்னு எழுதினா ஒரு தோட்டத்தையே எறக்கிகினு கீறே! அந்தம்மா புடவை வாங்க வந்துதா, மாடு மேய்க்க வந்துதா?"

"நீ பச்சைன்னுதானடே எழுதியிருக்க."

"நீ மனசால புரிஞ்சுக்க மாட்டியா?"

"மனசுல உள்ளதை நான் எப்படிப் படிப்பேன்? சீட்டைத்தான படிக்க முடியும்?"

இப்படியே போனதில் வாடிக்கையாளர்கள் சலித்து எழுந்து போகத் தொடங்கினார்கள். ஆவணி மாதம் ஒரு நாள் சிதம்பரநாதனே மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

"டே வைரவா, தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தக் கூடை ஒழுங்கா எறங்கலைன்னா, ஓட்டையை அடைச்சிட்டுச் சரக்கையெல்லாம் கீழ அடுக்கிருவேன். உன்னை ஈக்காட்டுத்தாங்கல் செட்டுக்கு அனுப்பிருவேன்."

ஈக்காட்டுத்தாங்கலில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. லாரியில் சாக்குக் கட்டாக வருகிற துணிப் பேல்களை அங்கே இறக்கி எண்ணி அடுக்குவார்கள். அங்கே சாக்கைத்தான் பார்க்கலாம். புடவையைப் பார்க்க முடியாது. சம்பளம் குறையாது என்று முதலாளி சொன்னது வைரவன் காதில் ஏறவில்லை. முந்தானையைப் பிரித்துப் பார்த்து, இது யாரோ ஒரு பெண்ணின் நல்ல நாளுக்குப் போகிறது என்று நினைத்து, மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிற வேலை. அதை விட்டுவிட்டுச் சாக்கை எண்ணுவதா?

அந்த வெள்ளிக்கிழமை கபாலீசுவரர் கோயிலில் சிங்காரவேலர் சன்னதியில் நின்றார். கூட்டம். குருக்கள் அர்ச்சனைத் தட்டுகளை வாங்கிக்கொண்டே, பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டு வந்தார். வைரவனுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையும் கையில் தட்டுமாகத் திணறி, ஒன்றும் சொல்லாமல் விழித்தாள். குருக்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த அம்மாளுக்கும் திருப்தி.

வைரவன் தீபாராதனையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே மனம் நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாதவர்களுக்கு என்று ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்! அந்த அம்மாளை நிறுத்தி வைத்துக் குடும்பக் கதையைக் கேட்கவில்லை. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யவும் இல்லை. பெரும்பாலோருக்கு எது பொருந்துமோ, அதைத் தயங்காமல் செய்கிறார்.

மறுநாள் பகல் சாப்பாட்டு வேளையில் கனகராஜை மாடிக்குக் கூப்பிட்டார். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனைன்னு நீ எழுதலைன்னா, எத்தனை எறக்கட்டும்?"

கனகராஜ் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே சொன்னான். "ஆறு. பொண்ணுக்கு ஒண்ணு புடிக்கும். அம்மாவுக்கு வேற ஒண்ணு புடிக்கும். அப்பாவுக்கு வெலை கம்மியானது புடிக்கும். மாமியாருக்கு எதுவுமே புடிக்காது. ஆறு போதும்."

ஆறு என்று எழுதிக்கொண்டார். முருகனுக்கு முகமும் ஆறு, அதனால் மறுபேச்சில்லை.

எந்த அறை என்று எழுதாவிட்டால் மூன்று அறையும் பார்ப்பது. கறை பட்டதும், அடுத்தவருக்கு எடுத்து வைத்ததும் தானாக இறங்காது. வெறும் 'பச்சை' என்று வந்தால் பச்சையில் ஒவ்வொரு தினுசுக்கும் ஒன்று. 'கிளிப்பச்சை' என்று குறிப்பாக வந்தால் கிளிப்பச்சை மட்டும், இலைப்பச்சை தலைகாட்டக் கூடாது. ஒருவேளை யாராவது ஒரு குடும்பத்தோடு வந்து இருக்கிறது எல்லாவற்றையும் பார்த்தே தீருவோம் என்று அடம்பிடித்தால், சீட்டின் அடியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு. அப்போது தோட்டமே இறங்கலாம்.

"இப்பதாண்ணே நீ ஆளாயிட்டே" என்றான் கனகராஜ், கையை நக்கிக்கொண்டே.

ஒரு விஷயத்தை மட்டும் வைரவன் அவனிடம் கேட்கவில்லை, தாளிலும் எழுதவில்லை. கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, தீபாவளி என்று சீட்டில் வந்தால் கறுப்பு இறங்காது. மங்கள காரியத்துக்கு யார் கறுப்பு எடுப்பார்கள்? காயாமொழியில் அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சம்பந்தமே முறிந்துபோகும். இதையெல்லாம் எழுதி வேறு வைக்க வேண்டுமா? கறுப்புப் பட்டில் நாலு இருந்தது. நாலையும் மூன்றாவது அறையில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தார்.

புரட்டாசி பிறந்தபோது கடையே மாறிவிட்டது. மணி அடிக்கும், கூடை ஏறும், ஐந்து நிமிஷத்தில் ஆறு புடவை இறங்கும். அதில் ஒன்று எப்படியும் படிந்துவிடும். கனகராஜுக்குக் கூடைமேல் வந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. "மேல இல்லைன்னா மெட்ராஸ்லயே இல்லீங்க" என்று வருகிறவர்களிடம் அளப்பான். சந்தோஷம் தலைக்கேறிய ஒரு நாள், 'எலி, இரண்டு, பெரிய சைஸ்' என்று சீட்டு அனுப்பி, வைரவன் அறை அறையாகத் தேடுகிற சத்தத்தைக் கேட்டுக் கீழே விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்ல சகுனம்தான். ஆனால் தீபாவளி இன்னும் வரவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் மணி அடித்தது. சீட்டைப் பிரித்தார் வைரவன். 'பட்டு. கறுப்பு, அரக்கு பார்டர். வளைகாப்பு.'

வைரவன் சிரித்துவிட்டார். "மறுபடியும் எலியா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வளைகாப்புக்குக் கறுப்பாம்! விளையாட்டாக இல்லாவிட்டாலும் அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பான். நல்ல மனதோடு கத்தரிப்பூ நிறம், கருநீலம், மயில்கழுத்து என்று அழகழகாக ஆறு எடுத்து, வழக்கம்போல முருகனை நினைத்து இறக்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக ஒரு பெண்குரல் ஏறி வந்தது. சாதாரணமாக அவர் ஒட்டுக் கேட்கிறவர் இல்லை. ஆனால் 'கறுப்பு' என்ற சொல் காதில் விழுந்தது. தரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்.

கீழே மயிலாப்பூர் மாமி ஒருவர், சுப்புலக்ஷ்மி என்று பெயர், ஆறையும் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மகள் நீரஜா நிறைமாதத்தை நெருங்கிய வயிறோடு சாய்ந்திருந்தாள்.

"இது நாலாவது கடை. எல்லாருமே கத்தரிப்பூவும் நீலமுமா எடுத்துப் போடறா. எங்காத்துல வளைகாப்புக்குக் கறுப்புதான் கட்டணும், திருஷ்டி படப்படாதுன்னு. எனக்கும் கறுப்பு, எங்கம்மாவுக்கும் கறுப்பு. வெள்ளிக்கிழமை வளைகாப்பை வெச்சுண்டு நான் எங்க போவேன்?"

"மேல இல்லைன்னா மெட்ராஸ்லயே இல்லீங்க மாமி" என்றான் கனகராஜ். "கையில அடிச்சு சொல்றேன்."

"போறும்மா" என்றாள் நீரஜா. "கால் கடுக்கறது. எதையோ ஒண்ணைக் கட்டிக்கறேன், வா." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

இருவரும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

வைரவன் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது அறையில் வெள்ளைத் துணிக்குள் நாலு கறுப்பு இருக்கிறது. அதில் ஒன்று அரக்கு பார்டர். 'இல்லை' என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தவன் கனகராஜ்தான். ஆனால் அவன் வாயில் அந்தப் பொய்யை வைத்தது யார்? நாற்பத்திரண்டு வயதுவரை பொய்யே சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், வாயைத் திறக்காமலே ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் பொய் சொல்லிவிட்டார்.

"கனகராஜு! ஏ கனகராஜு!" என்று கத்தினார். தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கீழிருந்து மேலே அடிக்க மணி உண்டு. மேலிருந்து கீழே அடிக்க ஒன்றும் கிடையாது. ஓடிப்போய் வெள்ளைத் துணியை அவிழ்த்து, அரக்கு பார்டரை அள்ளிக்கொண்டு, போட்டிருந்த பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக மாடிப்படியில் இறங்கினார். கடை திறந்திருக்கும்போது அவர் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவே புகுந்து ஓடினார்.

"டே! வைரவா! புடவையை எடுத்துக்கிட்டு எங்கடே ஓடுத?" என்று முதலாளி மேஜையை விட்டு எழுந்தார்.

பதில் சொல்ல நேரமில்லை. தெருமுனையில் மாமி ஒரு சைக்கிள் ரிக்ஷாவைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா! கறுப்பு! கறுப்பு!" என்று அலறிக்கொண்டு ஓடினார் வைரவன். தெருவில் போனவர்களெல்லாம் தங்களைத்தான் சொல்கிறானோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

விபூதியும் வியர்வையும் வழிய, பனியனோடு வந்து நின்றவரைப் பார்த்து மாமி ஒரு எட்டுப் பின்வாங்கினார். "யாருப்பா நீ?"

"நான் மேல இருக்கவன்மா" என்றார் வைரவன், மூச்சிரைக்க.

மாமி ஒரு தடவை வானத்தைப் பார்த்தார்.

"கடைக்கு மேலம்மா. மாடியில. கறுப்பு இருக்கு. நான்தான் எறக்கல. கீழ நிக்க பையன் மேல தப்பில்ல, தப்பெல்லாம் என்னுது."

நீரஜா அந்தப் புடவையை வாங்கி அங்கேயே, தெருவிலேயே, முந்தானையை விரித்துப் பார்த்தாள். வண்டுக் கறுப்பு, விரற்கடை அகலத்துக்கு அரக்கும் சரிகையும். வயிற்றின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "அம்மா, இதேதாம்மா" என்றாள். அவ்வளவுதான். ரிக்ஷாக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மூவரும் கடைக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் புடவையை வாங்கிக்கொண்டு போனதும் விசாரணை தொடங்கியது. முதலாளி நாற்காலியில், வைரவன் கைகட்டி எதிரே, கனகராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில்.

"என்னைப் புளுகுணி ஆக்கிட்டியேண்ணே" என்றான். "நான் தெளிவாத்தானே எழுதினேன், கறுப்புன்னு?"

"எழுதினடே. நான்தான் உன்னைவிட எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்."

சிதம்பரநாதன் கேட்டார். "வேற என்னல்லாம் இப்படி எறக்காம வச்சிருக்க? உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொல் என்றால் வைரவன் சொல்லிவிடுவார், அதுதானே வம்பு. கறுப்பில் தொடங்கிய பழக்கத்தில் பிறகு ஒதுக்கியவை, பாம்பு மாதிரி நெளிகிற பார்டர் இரண்டு. ஆந்தை போட்ட முந்தானை ஒன்று. பிறகு கடைசி ஒன்றையும் சொன்னார். "அண்ணாச்சி போன மாசம் காஞ்சிபுரத்துல ஆசையா எடுத்துட்டு வந்தீங்களே, அந்த ஆரஞ்சுக் கட்டம் பதினெட்டு... ஒண்ணுகூட எறக்கல அண்ணாச்சி."

"ஏன்?"

"பாக்கச் சகிக்கல அண்ணாச்சி."

கனகராஜ் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. முதலாளியின் முகம் ஆரஞ்சைத் தாண்டிச் சிவப்புக்கே போய்விட்டது. இனி ஈக்காட்டுத்தாங்கல்தான் என்று வைரவன் முடிவு கட்டிவிட்டார்.

"செட்டுக்கு எப்ப போவணும் அண்ணாச்சி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இரு" என்றார் சிதம்பரநாதன். மச்சு ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். இனிமே எதையும் ஒதுக்காத. எல்லாத்தையும் எறக்கு."

"ஐயையோ, வாணாம் மொதலாளி!" என்று கனகராஜ் பதறினான். "பழையபடி தோட்டம் எறங்கும். தீபாவளிக் கூட்டத்துல நான் பேஜாராயிடுவேன். அண்ணன் ஒதுக்கறது நல்லாத்தான் கீது. ஒதுக்கினதைச் சொல்லலை பாரு, அதான் வெனை."

வைரவன் தலையை நிமிர்த்தினார். "அப்பம் ஒண்ணு செய்யுதேன் அண்ணாச்சி. ஒதுக்க வேண்டியதை ஒதுக்குதேன். ஆனா என்ன ஒதுக்கினேன்னு அதே சீட்டுப் பின்னால எழுதி எறக்கிருதேன். இன்னது இருக்கு, அனுப்பலைன்னு. வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும். கேட்டு எழுதிட்டா, ஏன் எதுக்குன்னு நான் யோசிக்க மாட்டேன்."

"எழுதிக் கேட்டா?"

"எலியக்கூடப் பிடிச்சு எறக்கிருவேன்."

முதலாளி சிரித்துவிட்டார். ஆனாலும் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "தீபாவளி முடியட்டும், பாப்போம்" என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை முதல் கூடை. கல்யாணப் பட்டு என்று சீட்டு. ஆறு புடவை இறங்கியது. சீட்டின் பின்னால் வைரவனின் குண்டு குண்டான எழுத்து. கனகராஜ் அதை உரக்கவே படித்தான்: "கறுப்பு மூன்று. பாம்பு பார்டர் இரண்டு. ஆந்தை ஒன்று. அண்ணாச்சி எடுத்த ஆரஞ்சு பதினெட்டு. இருக்கிறது, அனுப்பவில்லை."

எதிரே உட்கார்ந்திருந்தது பட்டினப்பாக்கத்து புஷ்பம். மீன் வியாபாரத்தில் நல்ல கை. மகள் கல்யாணத்துக்கு அக்கா தங்கச்சி, நாத்தனார், ஓரகத்தி என்று ஒரு பட்டாளத்தோடு வந்திருந்தாள்.

"இன்னாபா அது, பதினெட்டு ஆரஞ்சு? அத்தெ ஏன் ஒளிச்சு வெச்சுகினு கீறீங்கோ?"

"அது ஒண்ணுமில்லீங்கோ. கொஞ்சம் பளிச்சுனு இருக்கும்..."

"பளிச்சுனு இருக்கறதுக்குத்தானேபா கல்யாணம்? எறக்கு, பாப்போம்."

கனகராஜ் எழுதினான். மேலே இருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. பதினெட்டு ஆரஞ்சுக் கட்டமும் கூடையில் ஜொலித்துக்கொண்டு இறங்கின. புஷ்பம் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். நாத்தனார் பார்த்தாள். ஓரகத்தி, "எனுக்கு ஒண்ணு" என்று பிடுங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணை எடுக்கக் கூடாது என்று, பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரியாகப் பதினொன்று எடுத்துக்கொண்டாள்.

சிதம்பரநாதன் மேஜையிலிருந்து எழுந்து வந்து ஓட்டைக்கு நேர் கீழே நின்றார். தொப்பையில் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, கடை முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்.

"டே வைரவா! பாத்தியாடே, சகிக்கலைன்னியே! பதினொண்ணு போயிட்டுடே!"

மேலே வைரவனின் விபூதி முகம் எட்டிப் பார்த்தது. "நல்லா இருக்கட்டும் அண்ணாச்சி!"

"ஈக்காட்டுத்தாங்கலுக்கு நம்ம மூட்டை தூக்குத சுப்புராயனைப் போவச் சொல்லிட்டேன். நீ அங்கேயே கெட!"

வைரவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகன் படத்தைத் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்று முதலாளி விடவில்லை. "மிச்சம் ஏழு ஆரஞ்சு இருக்குல்லா? இனிமே யார் என்ன கேட்டாலும் அதுல ஒண்ணு சேத்தே எறக்கணும், ஆமா!"

வைரவன் கூடையைக் கீழே இறக்கினார். அது முதலாளியின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"எழுதிப் போடுங்க அண்ணாச்சி!"